மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் ஜி.எஸ்.டி. பாக்கியும் தீர்ந்துவிடுமா?

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் பதினொரு ஆண்டுகளாக அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு பட்டறை நடத்தி வருகிறேன். வங்கியில் இயந்திரக் கடனும் சி.சி. எனப்படும் நடைமுறை மூலதனக் கடனும் சேர்த்து 38 லட்சம் ரூபாய் இருக்கிறது; திருநகர் வீட்டை அடமானம் வைத்திருக்கிறேன், என் மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு தவணைகள் கட்டவில்லை. முதல் தவணை தவறி 65 நாள் ஆகிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன்பு இரண்டு பேரிடம் 12 லட்சம் ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கினேன். வெற்றுக் காசோலைகளும் புரோநோட்டும் அவர்களிடம் இருக்கின்றன. மாதம் 60,000 ரூபாய் வட்டியை இன்றுவரை தவறாமல் கொடுத்து வருகிறேன். ஒன்பது மாதங்களாக ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யவில்லை. கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவு (உள்ளீட்டு வரி வரவு) போக ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். மூன்று வாரத்துக்கு முன்பு பதிவை ரத்து செய்து ஆணை வந்துவிட்டது. காகிதம் தந்த வியாபாரிக்கு 5 லட்சம் பாக்கி. எனக்கு வர வேண்டியது 11 லட்சம். அதில் 7 லட்சத்தை ஒரே நிறுவனம் ஓராண்டுக்கும் மேலாக இழுத்தடிக்கிறது. திருமங்கலத்துக்கு மேற்கே, பாகப்பிரிவினையில் என் பெயருக்கு வந்த ஒன்றரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. 18 லட்சத்துக்குப் போகும் என்கிறார்கள். வீட்டையும் நிலத்தையும் மனைவி பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு ஐ.பி. கொடுத்துவிடு, எல்லாம் தீர்ந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். வீட்டில் யாருக்கும் இந்த விவரம் தெரியாது. தூக்கம் இல்லை. நான் இல்லாமல் போனாலாவது குடும்பம் தப்பிக்குமா என்றுகூடத் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநகர், மதுரை.

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் இல்லாமல் போனால் குடும்பம் தப்பிக்காது. இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தைத் தொடர்ந்து செல்லும். வங்கிக் கடனுக்கு ஜாமீன் நிற்பவர் உங்கள் மனைவி என்பதால், கணக்கு வழக்கு எதுவுமே தெரியாத நிலையில் அவர் ஒருவரே வங்கிக்கும் வட்டிக்காரருக்கும் வரி அலுவலகத்துக்கும் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுவார். இந்தக் கடன்கள் எப்படி வந்தன, யாரிடம் எந்தக் காகிதம் இருக்கிறது, எது உண்மை, எது மிரட்டல் என்று அறிந்த ஒரே மனிதர் நீங்கள்தான். ஆகவே இதைத் தீர்க்கக்கூடிய ஒரே மனிதரும் நீங்கள்தான். அந்த எண்ணம் மறுபடி வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ 104 என்ற எண்ணுக்கோ எந்த நேரமானாலும் அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இன்று இரவே உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஜாமீன்தாரர் என்ற முறையில் வங்கியின் நோட்டீஸ் அவர் பெயருக்கும் வரும். தபால்காரர் மூலம் அவர் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் தெரிந்துகொள்வதே நல்லது.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஐ.பி., அதாவது மஞ்சள் நோட்டீஸ் எனப்படும் திவால் மனு கொடுத்தால் எல்லாம் தீராது. உங்கள் விஷயத்தில் பெரும்பகுதி அப்படியே நிற்கும்.

தனிநபர் திவால் பற்றி இன்று மதுரைக்குப் பொருந்தும் சட்டம், 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 2016இல் வந்த திவால் சட்டத்தொகுப்பில் தனிநபர்களுக்கும் கூட்டு வணிகங்களுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் அது 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிகளின் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. சொந்தப் பெயரில் பட்டறை நடத்தும் உங்களைப் போன்றவர்களுக்கு நூறாண்டு கடந்த பழைய சட்டமே இன்றும் வழி. சிறு தொழில் செய்பவர் நேர்மையாகத் தோற்றுப்போனால் மீண்டும் எழுந்து நிற்பதற்கு இந்த நாட்டில் முறையான, விரைவான வழி இன்னும் திறக்கப்படவில்லை என்பது என்னை மிகவும் வருத்தும் செய்தி; ஆயினும் இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் நாம் முடிவெடுக்க வேண்டும்.

அந்தச் சட்டப்படி, கடனைத் தீர்க்க இயலாதவர் தம் எல்லாச் சொத்துகளையும் எல்லாக் கடன்களையும் பட்டியலிட்டு சார்பு நீதிமன்றத்தில் மனு கொடுக்கிறார். நீதிமன்றம் கடன்காரர்கள் அனைவருக்கும் நோட்டீஸ் அனுப்பி விசாரிக்கிறது. திவாலானவர் என்று அறிவித்தால் அவருடைய சொத்து நீதிமன்றத்தின் வசமோ நீதிமன்றம் சார்பில் சொத்தை நிர்வகிக்கும் அஃபிஷியல் ரிசீவர் வசமோ சென்று, விற்கப்பட்டு, கடன்காரர்களுக்குப் பங்கிடப்படுகிறது. அதன்பின் ஈட்டுறுதி இல்லாத கடன்காரர்கள் நீதிமன்ற அனுமதியின்றித் தனியாக வழக்குத் தொடர முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு ஆணையும் கேட்டுப் பெறலாம். மனு கொடுத்தவுடனே கடன் ஒழிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் திவால் அறிவிப்புக்குப் பின் நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் விடுவிப்பு ஆணைக்கு மறுபடியும் மனு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் முதல் அறிவிப்பே ரத்தாகும். சொத்தை விற்று வருவது ரூபாய்க்கு 50 காசு அளவுக்குக்கூட எட்டவில்லை என்றால், அதற்குத் தாம் பொறுப்பில்லை என்பதை மனுதாரர் நீதிமன்றத்துக்கு விளக்கியாக வேண்டும். இல்லையேல் முழு விடுவிப்பு கிடைக்காது.

விடுவிப்பு ஆணை கிடைத்த பிறகும் உங்கள் கடன்களில் எவை நிற்கும் என்று பாருங்கள். அரசுக்குச் சேர வேண்டிய கடனிலிருந்து விடுவிப்பு ஆணை யாரையும் விடுவிக்காது என்று 44ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது, ஆகவே ஜி.எஸ்.டி. பாக்கி நிற்கும். சொத்தைப் பங்கிடும்போதும் அரசின் பாக்கிக்கே முதலிடம். அடமானம் வாங்கிய வங்கியின் உரிமையை இந்த மனு தொடாது. திருநகர் வீட்டின் மீது அது எடுக்கும் நடவடிக்கை நிற்காது. ஜாமீன்தாரரின் பொறுப்பும் உங்கள் விடுவிப்பால் நீங்காது. உங்கள் மனைவி அப்படியே மாட்டிக்கொண்டிருப்பார். வட்டிக்காரர்கள் அந்தக் காசோலைகளை வங்கியில் போட்டுத் திரும்பினால் வரும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கு குற்றவியல் வழக்கு, ஐ.பி. எண்ணைக் காட்டி அதை நிறுத்த முடியாது. மிஞ்சுவது காகித வியாபாரியின் 5 லட்சமும், புரோநோட்டுக் கடனின் சிவில் பகுதியும். 61 லட்சம் ரூபாய்க் கடனில் இந்த 17 லட்சத்துக்காக உங்கள் நிலம் முழுவதையும் ரிசீவரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

நண்பர் சொன்ன செட்டில்மெண்ட் யோசனையைத் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். பணம் பெறாமல் குடும்பத்தாருக்கு எழுதிவைத்த சொத்து, எழுதிய தேதியிலிருந்து இரண்டாண்டுக்குள் திவால் மனு தாக்கலாகி அதன் மேல் திவால் அறிவிப்பு வந்தால், ரிசீவரின் கோரிக்கையில் செல்லாததாக்கப்படும். வரி பாக்கி இருக்கும்போது அரசை ஏமாற்றும் நோக்கில் செய்யும் சொத்து மாற்றம் செல்லாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 81ஆம் பிரிவும் கூறுகிறது. கடன்காரரை ஏய்க்கச் செய்த மாற்றத்தை ரத்து செய்யச் சொத்துரிமை மாற்றச் சட்டத்திலும் வழி இருக்கிறது. வீட்டின் மூலப்பத்திரம் வங்கியில் இருக்க, அதை யார் பெயருக்கு மாற்றினாலும் அடமானம் கூடவே செல்லும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: இன்றைய நிலையில் நீங்கள் நஷ்டப்பட்ட நேர்மையான மனிதர். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் இருந்து எந்த நீதிபதியும் எந்த அதிகாரியும் உங்களை அப்படிப் பார்க்க மாட்டார். சொத்தை மறைத்தோ கணக்கை மறைத்தோ ஐ.பி. கொடுப்பது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, நீங்கள் உண்மையிலேயே திவாலானவர்தானா என்று பார்ப்போம். கடன் 61 லட்சம். வீட்டின் மதிப்பை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் நிலம் 18 லட்சம், வர வேண்டிய பணம் 11 லட்சம், அவற்றோடு வீடும் இயந்திரங்களும் இருக்கின்றன. திருநகரில் ஒரு வீட்டின் விலையை நீங்களே அறிவீர்கள். கையிருப்பு கடனைத் தாண்டுமென்றால், தீர்க்க இயலாதவர் என்று சொல்லும் மனுவையே நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். உங்கள் சிரமம் சொத்து இல்லாத சிரமம் அன்று. கையில் ரொக்கம் இல்லாத சிரமம்; அந்த ரொக்கம் எங்கே போனது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஒன்பது மாதத்தில் நீங்கள் கட்டாமல் விட்ட ஜி.எஸ்.டி. ஏறத்தாழ 6 லட்சம். அதே ஒன்பது மாதத்தில் வட்டிக்காரர்களுக்குக் கொடுத்தது 5,40,000 ரூபாய். வாடிக்கையாளர்களிடம் அரசுக்காக வசூலித்த வரிப்பணம் ஏறக்குறைய அப்படியே வட்டியாகப் போயிருக்கிறது. மிரட்டுபவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, சத்தம் போடாத கடனை ஒத்திப்போடுவது மனித இயல்பு. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். தாமதமான ஜி.எஸ்.டி.க்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒன்பது மாதப் பாக்கிக்கும் சேர்த்து, ஒவ்வொரு மாதத்தின் தாமதத்தையும் தனித்தனியே கணக்கிட்டால், மொத்த வட்டி 50,000 ரூபாய்க்குள் அடங்கும். அதாவது வட்டிக்காரர்களுக்கு நீங்கள் ஒரே மாதத்தில் கொடுப்பதைவிடக் குறைவு. ஐந்து வட்டி என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். எந்த அட்டைப்பெட்டிப் பட்டறையும் அந்த அளவுக்கு லாபம் தராது. வங்கித் தவணை தவறியதும் வரி நின்றதும் பதிவு ரத்தானதும் இந்த ஒரே ஓட்டையின் வழியாகத்தான் நடந்திருக்கின்றன என்று நான் கருதுகிறேன். அதை அடைத்துவிட்டால் பட்டறை உயிர் பிழைக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் வட்டிச் செலவைத் தவிர்த்துப் பார்க்கும்போது மாதம் என்ன மிஞ்சுகிறது என்பதை உங்கள் ஆடிட்டர் எழுத்தில் கணக்கிட்டுத் தர வேண்டும். வங்கித் தவணைக்குக்கூட அது போதாது என்று வந்தால், பட்டறையைத் தொடர்வதா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

ஜி.எஸ்.டி.யில் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்து ஆணை கைக்குக் கிடைத்த 90 நாளுக்குள் அந்த ஆணையை நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு மூன்று வாரம் கழிந்துவிட்டது. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 180 நாள் வரை நீட்டிக்க மேலதிகாரிக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். விண்ணப்பிக்கும் முன், ரத்தான தேதி வரை நிற்கும் கணக்குகள் அனைத்தையும் வரி, வட்டி, தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்திருக்க வேண்டும். ரத்து நீங்கிய பிறகு, இடைப்பட்ட நாட்களுக்கான கணக்குகளை 30 நாளுக்குள் போட வேண்டும். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் ஒரு மாதத்தின் 3பி கணக்குக்கு (வரி செலுத்தும் மாதக் கணக்கு) தாமதக் கட்டணம் அதிகபட்சம் 2,000 ரூபாய்; ஒன்பது மாதத்துக்கு 18,000. ஆக வரி, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 6,70,000 ரூபாயை ஒட்டி வரும்.

இதைத் தவணையில் கட்ட முடியுமா என்று கேட்பீர்கள். 80ஆம் பிரிவின்படி 24 மாதத் தவணை வரை அனுமதி உண்டு. ஆனால் நீங்களே கணக்கில் காட்டித் தாக்கல் செய்யும் வரிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதிகாரி ஆணையிட்டு விதித்த தொகைக்கே அது பொருந்தும். தவணை கிடைக்கும் என்பதற்காக அதிகாரி தாமாக மதிப்பிட்டு ஆணையிடும் வரை காத்திருக்க வேண்டாம். அந்த மதிப்பீடு பெரும்பாலும் உண்மைத் தொகையைவிடக் கூடுதலாகவே வரும். அபராதமும், வங்கிக் கணக்கு முடக்கமும், உங்கள் வாடிக்கையாளர்களுக்கே நேரடி நோட்டீஸும் தொடரும். ஒருவேளை அத்தகைய மதிப்பீட்டு ஆணை ஏற்கெனவே வந்திருந்தால், அது கிடைத்த 60 நாளுக்குள் அந்த மாதத்தின் சரியான கணக்கைத் தாக்கல் செய்தால் ஆணை தானாகவே விலகிவிடும். ஒன்பது மாதப் பணத்தையும் ஒரே நாளில் புரட்ட வேண்டியதில்லை. பழைய மாதத்திலிருந்து வரிசையாக, கையில் பணம் சேரச் சேர ஒவ்வொரு கணக்காக முடித்து வரலாம், 90 நாள் எல்லைக்குள் எல்லாம் முடிந்தால் போதும். கொள்முதல் பில்களுக்கான உள்ளீட்டு வரி வரவையும் காலத்தோடு எடுக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30ஐத் தாண்டினால் அந்த வரவு போய்விடும், 6 லட்சம் என்ற கணக்கே பெரிதாகிவிடும். ரத்து நீங்கும் வரை வரி பில் போட்டு விற்பனை செய்யாதீர்கள். சிறைக்குப் போக வேண்டிவருமோ என்ற அச்சமும் வேண்டாம். வசூலித்த வரியைச் செலுத்தாததற்கான சிறைத்தண்டனை 2 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகைகளுக்கே உரியது. உங்கள் பதிவு மாநில வணிகவரித் துறையின் கீழ் வருகிறதா, பீ.பீ.குளத்தில் உள்ள மத்திய அலுவலகத்தின் கீழ் வருகிறதா என்று பார்த்து, ஆடிட்டருடன் நேரில் போய் அதிகாரியைச் சந்தியுங்கள். ஒளிந்துகொள்ளாமல் நேரில் வருபவரிடம் பேசும் விதமே வேறாக இருக்கும்.

வட்டிக்காரர்கள் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். நீங்கள் 18 மாதத்தில் கொடுத்திருப்பது 10,80,000 ரூபாய். அசல் 12 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டப்படி கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவையும் அரசு நிர்ணயித்த விகிதத்துக்கு மேற்பட்ட வட்டியும் குற்றம். மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அசலையும் சட்டம் அனுமதிக்கும் வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரவும் அந்தச் சட்டம் கடனாளிக்கு வழி தருகிறது. கடன் வசூலில் மிரட்டலையும் வன்முறையையும் தடுக்க 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்துள்ளது. இவை உங்கள் கையில் இருக்கும் பலம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே போலீஸ் புகாரைக் கையில் எடுத்தால் அவர்கள் அன்றே காசோலைகளை வங்கியில் போடுவார்கள்.

அதனால் முதலில் சான்றுகளைச் சேருங்கள். ஜிபே, வங்கிக் கணக்கு வழியாகப் போன வட்டி, யாருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு, கொடுத்த காசோலைகளின் எண்கள், சாட்சியாக இருந்தவர்கள் என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு வழக்கறிஞர் மூலமாக, காசோலைகள் ஈட்டுறுதிக்காக மட்டும் கொடுக்கப்பட்டவை, இதுவரை இவ்வளவு கொடுக்கப்பட்டுள்ளது, நியாயமான தொகையைத் தந்து முடித்துக்கொள்ள விருப்பம் உள்ளது என்று நோட்டீஸ் அனுப்புங்கள். வங்கிக் கணக்கை மூடுவதோ காசோலைகளை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடுப்பதோ உங்களை 138ஆம் பிரிவிலிருந்து காப்பாற்றாது. காசோலை திரும்பியதாக அவர்களின் நோட்டீஸ் வந்தால், பணம் செலுத்தச் சட்டம் தரும் 15 நாளுக்குள் பதில் அனுப்பத் தவறாதீர்கள்; பதில் சொல்லாத நோட்டீஸே வழக்கில் பெரும்பாலும் எதிராக நிற்கிறது. புதிய புரோநோட்டோ புதிய காசோலையோ, பழையதன் பின்புறம் வரவுக் குறிப்போ எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்தில் கொடுக்கும் எதுவும் மூன்றாண்டுக் காலவரையறையைப் புதுப்பித்துவிடும்.

பேச்சுவார்த்தைக்கு மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். வழக்கு தொடுக்கும் முன்பே மனு கொடுத்து இரு தரப்பையும் அழைத்துப் பேச முடியும். மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் தீர்வு நீதிமன்ற டிக்ரிக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. ஏற்கெனவே 10,80,000 கொடுத்திருக்கும் நிலையில் 7 அல்லது 8 லட்சத்துக்குள் இருவரையும் முடித்துக்கொள்ளப் பேசலாம் என்பது என் கணிப்பு. அந்தத் தீர்வில் காசோலைகளையும் புரோநோட்டையும் திருப்பித் தர வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். பணத்தை வங்கி வழியாக மட்டுமே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பதை வருமான வரிச் சட்டமும் தடை செய்கிறது. உங்கள் மனைவிக்குத் தனியாகச் சட்ட உதவி வேண்டுமென்றால், பெண் என்ற ஒரே தகுதியிலேயே அவருக்கு அது இலவசமாகக் கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வங்கியில் இன்னும் ஒரு மாத அவகாசம்கூட இல்லை. தவணை தவறி 90 நாள் ஆனால் கணக்கு வாராக்கடனாகும். அதன்பின், அடமானச் சொத்தை வழக்கின்றியே வங்கி கையகப்படுத்த வழி தரும் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸும் வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையும் தொடங்கும். அதற்கு முன்பே, சிறு குறு நிறுவனங்களின் மறுவாழ்வுக்காக மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் வகுத்துள்ள நடைமுறையின் கீழ் கடனைச் சீரமைக்கக் கோரி, சிறு குறு நிறுவனப் பதிவான உத்யம் சான்றை இணைத்து, கிளை மேலாளரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 25 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த நடைமுறை பொருந்தும். 10 லட்சத்துக்கு மேற்பட்டவற்றை வங்கியின் குழு பரிசீலிக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வருவது பயன்படாது. பின்னாளில் வழக்கு வந்தால் அந்த ஒப்புகை முத்திரைதான் உங்களுக்காகப் பேசும். வாராக்கடனாகிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடாது. 60 நாள் நோட்டீஸுக்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். கையகப்படுத்திய 45 நாளுக்குள் மதுரையிலேயே உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆனாலும் அந்த நிலைக்குப் போகாமல் காப்பதே நமது நோக்கம்.

வர வேண்டிய பணத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அது உங்கள் பலங்களில் ஒன்று. பொருள் தயாரிக்கும் குறுநிறுவனத்துக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. சரக்குக் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்கு உத்யம் பதிவு இருந்திருக்குமானால், மதுரை மண்டலத்துக்கான சிறு குறு நிறுவன வசதியாக்கக் குழுவில் அந்த 7 லட்சத்துக்காக மனு போடுங்கள். அதற்கு முன் அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராததால் அந்த பில்களில் அவர்கள் எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியுடன் திருப்ப வேண்டும் என்பதையும், பணம் தரும் வரை அந்தக் கொள்முதலை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்பதையும் அவர்களின் ஆடிட்டர் நன்கு அறிவார். மற்ற 4 லட்சம் கடந்த ஒன்பது மாத பில்களாக இருந்தால், நீங்கள் கணக்குத் தாக்கல் செய்யாததால் அவர்களுக்கு வரி வரவு ஏறவில்லை என்பதே அவர்கள் தயங்குவதற்குக் காரணமாக இருக்கக்கூடும். கணக்கை முடித்தவுடன் அந்தப் பணம் நகரத் தொடங்கும்.

இவை எல்லாவற்றுக்கும் கையில் முதல் பணம் வேண்டும். அதற்கு அந்தப் புஞ்சையை விற்பதே வழி என்பது என் தெளிவான கருத்து. பாகத்தில் வந்த மண்ணை விற்பது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய மன வலி என்பதும், ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்களே விலை பேசி விற்றால் 18 லட்சம். நெருக்கடி முற்றி ஜப்தியிலோ ரிசீவர் ஏலத்திலோ போனால் அந்த விலையை எதிர்பார்க்க முடியாது. பிற்காலத்தில் வழக்கு வராதபடி மகன், மகள் இருந்தால் அவர்களையும் பத்திரத்தில் கையெழுத்திடச் செய்யுங்கள். நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் உள்ள விவசாய நிலமாக இருந்தால் மூலதன ஆதாய வரி வராது; திருமங்கலம் அளவுள்ள நகராட்சிக்கு அந்தத் தூரம் 2 கிலோமீட்டர். முழு விலையையும் பத்திரத்தில் காட்டி, வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். கறுப்பில் ஒரு பகுதி என்று வாங்குபவர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வரி அலுவலகத்திலும் வங்கியிலும் நேர்மையாளர் என்று நின்று பேசப்போகும் உங்களுக்கு அது ஆகாது.

வரும் பணத்தில் 6,70,000 ஜி.எஸ்.டி.க்கு. தவறிய வங்கித் தவணைகளைக் கட்டிக் கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள். 7 அல்லது 8 லட்சம் வட்டிக்காரர்களின் தீர்வுக்கு. எஞ்சியதைக் காகித வியாபாரிக்குக் கொடுத்து, மீதிக்கு மாதத் தவணை பேசுங்கள். பட்டறை ஓட அவருடைய சரக்கு வேண்டும், அவரும் உங்களைப் போலவே கடனுக்கு வாங்கி விற்பவராக இருப்பார். நிலம் விற்க மூன்று மாதமாகும் என்று தெரிந்தால், முன்பணத்தை முதலில் ஜி.எஸ்.டி.க்குத் திருப்புங்கள். 60,000 ரூபாய் வட்டியை இந்த மாதத்தில் இருந்தே நிறுத்தி அதையும் வரிக்கு வையுங்கள். நோட்டீஸ் அனுப்பிய பின் வழக்கறிஞரின் ஆலோசனையோடு மட்டும் அதைச் செய்யுங்கள். வீட்டுக்கு வந்து யாரேனும் மிரட்டினால் அன்றே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஐ.பி. என்ற வழியை நான் இழிவாகக் கருதவில்லை. நிலம் விற்காமல் போய், வட்டிக்காரர்கள் பேச்சுக்கு இணங்காமல் டிக்ரி வாங்கி, பட்டறையும் நின்றுவிட்டால், உள்ள சொத்தை உள்ளபடி காட்டி அந்த மனுவைக் கொடுப்பதில் எந்த வெட்கமும் இல்லை. பணம் இல்லாத காரணத்தால் மட்டும், கெட்ட எண்ணம் ஏதும் இல்லாத ஒருவரை டிக்ரிக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. எனவே அந்த நாளை நினைத்து இப்போதே நடுங்க வேண்டாம். ஆனால் பின்னால் ஐ.பி. கொடுக்க நேரலாம் என்ற சாத்தியம் இருப்பதால், இடைப்பட்ட காலத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுக்காதீர்கள். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் அப்படிக் கொடுத்ததை ரிசீவர் திரும்பக் கேட்க முடியும். உறவினரிடம் வாங்கிய கைமாற்று ஏதேனும் இருந்தால் அதற்கும் இது பொருந்தும்.

திங்கட்கிழமை ஆடிட்டரைப் பாருங்கள். ரத்து ஆணையின் நகல், அது மின்னஞ்சலில் வந்த தேதி, ஒன்பது மாத விற்பனை, கொள்முதல் பில்கள், மூன்று வங்கிக் கணக்கு இருந்தால் மூன்றின் அறிக்கையும், உத்யம் சான்று, கடன் அனுமதிக் கடிதம், புஞ்சையின் பட்டாவும் பாகப்பத்திரமும் கையில் இருக்கட்டும். முதல் மாதத்தின் கணக்கை அந்த வாரத்திலேயே தாக்கல் செய்துவிட்டு, வங்கிக்கான விண்ணப்பத்தையும் அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். ஆடிட்டரிடம் போகும்போது உங்கள் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.